டாம் டேலி ரியோவில் சரிந்ததும் மீண்டு வந்ததும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில், ஆடவர் 10 மீட்டர் மேடை டைவிங் தகுதிச்சுற்றில் முதலிடம் பிடித்த பிரிட்டன் வீரர் டாம் டேலி, மறுநாள் காலை நடந்த அரையிறுதியில் கடைசி இடத்துக்குப் போனார். பதினொரு மாதங்கள் கழித்து அதே பிரிவில் உலகப் பட்டத்தை வென்றார். இவ்விரண்டு நாள்களைப் பற்றியும் அவற்றைத் தொடர்ந்த ஆண்டுகளைப் பற்றியும், டைவிங்கைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன.

டாம் டேலி யார்?

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள பிளிமத் நகரில் 1994 மே 21 அன்று பிறந்தவர். 14 வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பங்கேற்றார். அடுத்த ஆண்டே, 2009இல், ரோம் நகரில் 10 மீட்டர் மேடைப் பிரிவில் உலகச் சாம்பியன் ஆனார். அவர் போகும் போட்டிகளுக்கெல்லாம் உடன் சென்று பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த தந்தை, 2011ஆம் ஆண்டு மூளையில் ஏற்பட்ட புற்றுக்கட்டியால் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் டேலி தனிநபர் பிரிவில் வெண்கலம் வென்றார். ரியோவுக்குப் போனபோது அவருக்கு வயது 22. நாடே தங்கத்தை எதிர்பார்த்தது என்றால் அது மிகையில்லை.

ரியோவில் என்னதான் நடந்தது?

தொடக்கம் நன்றாகவே இருந்தது. ஆகஸ்ட் 8 அன்று, டேனியல் குட்ஃபெல்லோவுடன் சேர்ந்து இருவர் பங்கேற்கும் ஒத்திசைவுப் பிரிவில் வெண்கலம் பெற்றார். ஆகஸ்ட் 19 அன்று நடந்த தனிநபர் தகுதிச்சுற்றில் ஆறு பாய்ச்சல்களுக்கு மொத்தம் 571.85 புள்ளிகள் எடுத்து, 28 வீரர்களில் முதலாவதாக வந்தார். ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் அதுவரை எவரும் அவ்வளவு புள்ளிகள் எடுத்ததில்லை.

மறுநாள் காலை அரையிறுதி. 18 பேர் பாய்ந்தார்கள். முதல் 12 பேருக்கு இறுதிச்சுற்றில் இடம். டேலி எடுத்த புள்ளிகள் 403.25. பதினெட்டாவது இடம். முந்தைய நாளைவிட 168.60 புள்ளிகள் குறைவு. தொலைக்காட்சிப் பேட்டியில் கண்ணீரை அடக்கிக்கொண்டு பேச வேண்டிய நிலை. அன்று மாலை இறுதிச்சுற்று அவர் இல்லாமலே நடந்தது. சீனாவின் சென் ஐசென் 585.30 புள்ளிகளுடன் தங்கம் வென்றார்.

முதல் நாள் எடுத்த சாதனைப் புள்ளிகள் அவருக்குக் கைகொடுக்கவில்லையா?

இல்லை. ரியோவில் கடைப்பிடிக்கப்பட்ட விதிப்படி ஒவ்வொரு சுற்றும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. தகுதிச்சுற்றில் முதலாவதாக வந்தவருக்கும் பதினெட்டாவதாக வந்தவருக்கும் அரையிறுதியில் ஒரே நிலைதான்.

இந்த விதி கொடுமையானது என்று ரியோ முடிந்தபின் பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் லண்டனில், அமெரிக்காவின் டேவிட் புடாயா தகுதிச்சுற்றில் 18ஆவது இடத்தில், அதாவது நூலிழையில் தப்பி அரையிறுதிக்கு வந்தார். அவருடைய முதல் நாள் புள்ளிகளையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் பதக்கத்தின் பக்கமே வந்திருக்க முடியாது. அந்த இறுதிச்சுற்றில் 568.65 புள்ளிகள் எடுத்துத் தங்கத்தைக் கொண்டு போனவர் அவர்தான். அதே இறுதிச்சுற்றில்தான் டேலிக்கு வெண்கலம். லண்டனில் ஒருவரைத் தூக்கிவிட்ட விதியே ரியோவில் இன்னொருவரைக் கவிழ்த்தது.

ஒரே இரவில் ஒருவருடைய ஆட்டம் இவ்வளவு மாறுமா?

மாறும். டைவிங்கில் அதற்கு இடம் இருக்கிறது. ஏன் என்பதைப் புரிந்துகொண்டால்தான் அவர் மீண்டு வந்ததன் மதிப்பும் விளங்கும் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் நீரைத் தொடுகிறது. அப்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். அந்த ஒன்றரை விநாடிக்குள் மூன்றரை அல்லது நான்கரைக் குட்டிக்கரணம் அடித்து, உடலைச் சுருட்டிய நிலையிலிருந்து விரித்து, தலைகீழாக, செங்குத்தாக நீருக்குள் போக வேண்டும். சுழன்றுகொண்டிருக்கும்போதே மேடையையோ நீரையோ ஒரு கணம் கண்ணில் பிடித்து, எத்தனையாவது சுற்றில் இருக்கிறோம் என்பதை வீரர் அறிந்துகொள்கிறார். அந்தக் கணம் தவறிவிட்டால் உடலை விரிப்பதும் தவறிவிடும்.

நுழையும் இடத்தை அருகில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வீரர் தலைக்குமேல் கைகளை நீட்டி, ஒரு கையால் மறு கையைப் பற்றி, உள்ளங்கைகள் நீரைப் பார்க்கும்படி தட்டையாக வைக்கிறார். விரல் நுனியால் நீரைக் குத்துவதில்லை, உள்ளங்கையால் அறைகிறார். முழங்கைகள் பூட்டப்பட்டு, தோள்கள் காதோடு ஒட்டியிருக்கின்றன. அந்த அறை நீரில் ஒரு துளை திறக்க, உடல் முழுவதும் அதே துளை வழியே உள்ளே போகிறது. துணியைக் கிழித்தாற்போல் ஓர் ஓசை மட்டும் கேட்கிறது, நீர் மேலே எழுவதில்லை. கால்கள் சற்றே அந்தப்பக்கம் சாய்ந்துவிட்டால் நீர் தெறிக்கும், நடுவர்களின் விரல்கள் உடனே குறைந்த எண்ணை அழுத்தும். சிறு வயதில் கிணற்றில் தலைகீழாகப் பாயப் பழகியவர்களுக்கு, சாய்வு கொஞ்சம் கூடினால் நீர் எப்படி அடிக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி புள்ளிக் கணக்கு. தனிநபர் பிரிவில் ஏழு நடுவர்கள் மதிப்பெண் தருகிறார்கள். மேலிருந்து இரண்டையும் கீழிருந்து இரண்டையும் நீக்கிவிட்டு, நடுவில் எஞ்சும் மூன்றையும் கூட்டி, பாய்ச்சலின் கடினத்தன்மை எண்ணால் பெருக்குகிறார்கள். கடினத்தன்மை 3.6 உள்ள ஒரு பாய்ச்சலுக்கு மூன்று ஒன்பதுகள் கிடைத்தால் 97.20 புள்ளிகள், அதே பாய்ச்சல் சறுக்கி மூன்று ஐந்துகள் கிடைத்தால் 54. ஒரே ஒரு பாய்ச்சலில் 43 புள்ளிகள் போய்விடுகின்றன. டேலி முதல் நாள் பாய்ச்சலுக்குச் சராசரியாக 95 புள்ளிகள் எடுத்தார், மறுநாள் 67. கடினமான பாய்ச்சல்களைத் தேர்ந்தெடுத்த எவருக்கும் இந்தப் பள்ளம் காலடியிலேயே இருக்கிறது.

குளத்து நீர் பச்சையாக மாறியதுதான் காரணமா?

அல்ல. மரியா லெங்க் மையத்தின் டைவிங் குளம் அந்த ஒலிம்பிக்கின்போது பச்சையாக மாறியது உண்மை. ஆனால் எல்லா வீரர்களும் பாய்ந்தது அதே குளத்தில்தான், டேலி 571.85 எடுத்ததும் அங்கேதான்.

அவர் பயந்துவிட்டார் என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா?

ஒரு மனிதரின் உள்ளத்தில் அந்தக் காலையில் என்ன ஓடியது என்பதை வெளியிலிருந்து தீர்ப்பாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பயம் என்பது அவருக்குப் புதிதல்ல என்பதும், அதை அவர் ஏற்கெனவே ஒருமுறை எதிர்கொண்டு கடந்திருந்தார் என்பதும் பதிவில் உள்ள செய்திகள்.

லண்டன் ஒலிம்பிக்கின் இறுதிச்சுற்றில் அவர் முதல் பாய்ச்சலுக்காக மேடையை விட்டு எழும்பியபோது, பார்வையாளர்களின் கேமராக்கள் ஒளிர்ந்து அவர் கண்ணைக் கூசச் செய்தன. அவர் முறையிட்டார், நடுவர் மறுபடியும் பாய அனுமதித்தார், அன்று வெண்கலமும் கிடைத்தது. ஆனால் அந்தப் பாய்ச்சல், பின்புறமாகக் கிளம்பி இரண்டரைக் குட்டிக்கரணமும் இரண்டரை முறுக்கும் போடும் பாய்ச்சல், அதன்பின் அவருக்கு ஒரு பேயாகவே மாறிவிட்டது. மேடையின் விளிம்பில் நின்றாலே அந்த ஒளி நினைவுக்கு வந்து உடல் இறுகியதாக அவரே பின்னாளில் பேசியிருக்கிறார்.

உலகின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர் தன் பட்டியலில் உள்ள ஒரு பாய்ச்சலைக் கண்டு அஞ்சுவதாக வெளிப்படையாகச் சொல்வதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வீம்புக்காக அதையே செய்துகொண்டிருக்கவில்லை அவர். பயிற்சியாளர் ஜேன் ஃபிகைரெடோவுடன் சேர்ந்து, அதற்குப் பதிலாக முன்புறமாகக் கிளம்பி மூன்றரைக் குட்டிக்கரணமும் ஒரு முறுக்கும் கொண்ட வேறொரு பாய்ச்சலைப் பழகினார். 'வாணவெடி' என்ற பொருளில் அதற்கு ஒரு செல்லப்பெயரும் வைத்தார். 2015இல் கசான் உலகப் போட்டியில் அந்தப் புதிய பாய்ச்சலுடன் தனிநபர் வெண்கலம் வென்றார்.

ஆகவே ரியோ அவருடைய முதல் சரிவன்று. சறுக்கியது எங்கே என்று கண்டறிந்து அதை மட்டும் திருத்தும் வழக்கம் ஏற்கெனவே அவரிடம் இருந்தது.

ரியோவுக்குப் பிறகு எல்லாவற்றையும் மாற்றினாரா?

மாற்றவில்லை, இந்தக் கதையில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான். தோல்விக்குப் பிறகு பயிற்சியாளரை மாற்று, ஊரை மாற்று, பிரிவை மாற்று என்ற குரல்கள் எந்த விளையாட்டிலும் எழும். டேலி அதே ஃபிகைரெடோவிடம், அதே லண்டன் நீர் விளையாட்டு மையத்தில், அதே 10 மீட்டர் மேடையில் பயிற்சியைத் தொடர்ந்தார். முதல் நாள் 571.85 எடுத்த திறமை பொய்யாகிவிடவில்லை என்பதே அதன் பொருள். திறமை இருந்தது; அது தேவைப்படும் காலையிலும் மாலையிலும் தவறாமல் வெளிப்பட வேண்டும் என்பதுதான் எஞ்சியிருந்த வேலை.

அந்தச் சமயத்தில் தம்மைத் தாங்கிய ஒரு சொல்லை டேலி 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது நினைவுகூர்ந்தார். அவருடைய கதை ரியோவோடு முடியவில்லை என்றும், அவர் ஒலிம்பிக் சாம்பியன் ஆவதை அவர்களுக்குப் பிறக்கப்போகும் குழந்தை பார்க்க வேண்டும் என்றும் அவருடைய இணையர் டஸ்டின் லான்ஸ் பிளாக் அன்று சொல்லியிருந்தார். அப்போது அவர்களுக்குக் குழந்தை பிறந்திருக்கவில்லை. 2017 மே மாதம் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். மகன் பிறந்தது 2018இல்.

மேடை டைவிங் வீரர்களின் அன்றாடப் பயிற்சி எப்படி இருக்கும்?

நாள் முழுவதும் 10 மீட்டரிலிருந்து குதித்துக்கொண்டே இருப்பார்கள் என்று நினைப்பது தவறு. அவ்வளவு உயரத்திலிருந்து நீரை அறைந்தால் மணிக்கட்டும் தோளும் முதுகும் தாங்காது. பயிற்சியின் பெரும்பகுதி தரையில் நடக்கிறது: டிராம்போலினில் இடுப்புவாரைக் கட்டிக்கொண்டு பயிற்சியாளர் கயிற்றைப் பிடித்திருக்கச் சுழல்வது, நுரைப் பஞ்சு நிரப்பிய குழிக்குள் பாய்வது, கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்பது, வயிற்றுத் தசைகளை வலுப்படுத்துவது. பின்பு 3, 5, 7.5 மீட்டர் உயரங்களில் பாய்ச்சலின் பகுதிகளைத் தனித்தனியாகப் பழகிவிட்டு, குறிப்பிட்ட அளவுதான் 10 மீட்டருக்கு ஏறுகிறார்கள்.

ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்னால் வீரர்கள் ஒரு சிறிய வண்ணத் துணியால் கால்களையும் கைகளையும் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் சடங்கன்று. உடலைச் சுருட்டும்போது கைகள் கால்களை இறுகப் பிடித்திருக்க வேண்டும். தோல் ஈரமாக இருந்தால் பிடி வழுக்கி, சுழற்சி பாதியிலேயே அவிழ்ந்துவிடும்.

புடாபெஸ்டில் நடந்தது என்ன?

2017 ஜூலை 22. ஹங்கேரியின் தலைநகரில் உலக நீர் விளையாட்டுப் போட்டிகள். ஆடவர் 10 மீட்டர் மேடை இறுதிச்சுற்றில் டேலி 590.95 புள்ளிகள் எடுத்துத் தங்கம் வென்றார். ரியோ சாம்பியன் சென் ஐசென் 585.25 புள்ளிகளுடன் இரண்டாம் இடம். யாங் ஜியான் மூன்றாம் இடம். ரோம் பட்டத்துக்கும் இதற்கும் இடையே எட்டு ஆண்டுகள் ஓடியிருந்தன.

இங்கே ஓர் எண்ணைக் கவனித்துப் பாருங்கள். சென் ஐசென் ரியோவில் தங்கம் வென்றபோது எடுத்தது 585.30. புடாபெஸ்டில் எடுத்தது 585.25. வித்தியாசம் 0.05 மட்டுமே. அதாவது ஒலிம்பிக் சாம்பியன் ஒலிம்பிக் தரத்திலேயே பாய்ந்தார். அவர் சறுக்கியதால் டேலிக்கு வழி கிடைக்கவில்லை. ரியோ இறுதிச்சுற்றின் வெற்றிப் புள்ளிகளையே மீண்டும் எதிரில் வைத்து, அதை 5.70 புள்ளிகள் வித்தியாசத்தில் டேலி தாண்டினார். முதன்முதலில் இவ்விரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

டோக்கியோவில் வென்ற ஒலிம்பிக் தங்கம்தானே உண்மையான மீட்சி?

பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஒலிம்பிக் தங்கத்தின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அது இருவர் பிரிவில், மேட்டி லீயுடன் சேர்ந்து வென்றது. ரியோவில் அவர் உடைந்துபோனது தனியாக மேடையில் நின்று. அதே பிரிவில், அதே எதிராளியிடம், தனியாக நின்று வென்றது புடாபெஸ்டில்தான். ரியோவுக்கான பதில் அங்கேயே கொடுக்கப்பட்டுவிட்டது என்பது என் உறுதியான கருத்து. உலகப் போட்டிகளைக் காட்டிலும் ஒலிம்பிக்கையே மக்கள் பார்க்கிறார்கள் என்பதால் அது போதிய கவனம் பெறவில்லை.

புடாபெஸ்டிலிருந்து டோக்கியோ வரை பாதை நேராக இருந்ததா?

இல்லை. 2018இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் குட்ஃபெல்லோவுடன் ஒத்திசைவுத் தங்கம் வென்றாலும், இடுப்புக் காயத்தால் தனிநபர் பிரிவிலிருந்து விலகினார். 2019 குவாங்ஜூ உலகப் போட்டியில் தனிநபர் பட்டத்தைத் தக்கவைக்க முடியவில்லை. ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனது. 2021 ஜனவரியில் கொரோனாவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். போட்டிக்குச் சில வாரங்களே இருந்த ஜூன் மாதத்தில் முழங்காலில் அறுவை சிகிச்சை.

டோக்கியோவில் எவ்வளவு வித்தியாசத்தில் வென்றார்கள்?

1.23 புள்ளிகள். 2021 ஜூலை 26 அன்று டேலியும் லீயும் 471.81, சீனாவின் சாவோ யுவானும் சென் ஐசெனும் 470.58. ஆம், இங்கும் அதே சென் ஐசென்.

நான்காம் சுற்றில் சீன இணை சறுக்கியது. கடைசிச் சுற்றில் டேலியும் லீயும் முன்புறமாக நான்கரைக் குட்டிக்கரணம் போட்டு 101.01 புள்ளிகள் எடுத்தார்கள். சீன இணையின் கடைசிப் பாய்ச்சலுக்கு அதைவிடக் கூடுதலாக 101.52 கிடைத்தது, ஆனால் அவர்கள் வெல்வதற்கு 102.75ஐத் தாண்டியிருக்க வேண்டும். ஒத்திசைவுப் பிரிவில் 11 நடுவர்கள். உச்ச, தாழ்ந்த மதிப்பெண்களை நீக்கியபின் எஞ்சும் ஐந்தைக் கூட்டி, 0.6ஆலும் கடினத்தன்மை எண்ணாலும் பெருக்குவார்கள். அந்தக் கணக்கின்படி, கடினத்தன்மை 3.7 உள்ள பாய்ச்சலில் ஒரே ஒரு நடுவரின் அரை மதிப்பெண் 1.11 புள்ளிகளுக்குச் சமம். ஆறு சுற்றுகளின் முடிவில் இரண்டு அணிகளையும் பிரித்தது அதைவிடச் சற்றே கூடுதலான ஓர் இழைதான்.

டோக்கியோவில் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து நூல் பின்னிக்கொண்டிருந்தவர் இவர்தானா?

இவரேதான். ஓய்வு நேரத்தில் உடலை அசைக்காமல் உட்கார்ந்திருக்கப் பயிற்சியாளர் வற்புறுத்தியதால் 2020இல் பின்னல் பழகினார். டோக்கியோவில் தங்கப் பதக்கம் கீறல் விழாமலிருக்க அதற்கு ஒரு சிறு பையையும் பின்னினார்.

தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அவருக்குக் கிடைக்கவே இல்லையா?

கிடைக்கவில்லை. டோக்கியோவில் ஒத்திசைவுத் தங்கத்துக்குப் பின் தனிநபர் பிரிவிலும் பாய்ந்தார். ஆகஸ்ட் 7 அன்று இறுதிச்சுற்றில் 548.25 புள்ளிகளுடன் வெண்கலம். சாவோ யுவான் 582.35, யாங் ஜியான் 580.40. ரியோ தகுதிச்சுற்றில் அவரே எடுத்த 571.85 டோக்கியோ இறுதிச்சுற்றில் கிடைத்திருந்தாலும் இடம் மாறியிருக்காது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இறுதிச்சுற்றுக்கே தகுதி பெறாதவர் இம்முறை பதக்க மேடையில் நின்றார் என்பதை மறக்கக் கூடாது.

அதன்பின் நீண்ட இடைவெளி எடுத்துக்கொண்டார். தந்தை ஒலிம்பிக்கில் பாய்வதைப் பார்க்க வேண்டும் என்று மகன் கேட்டதால் 2023இல் பயிற்சிக்குத் திரும்பினார். பாரிஸில் 2024 ஜூலை 29 அன்று, நோவா வில்லியம்ஸுடன் ஒத்திசைவுப் பிரிவில் வெள்ளி வென்றார். ஒரு தங்கம், ஒரு வெள்ளி, மூன்று வெண்கலம் என்று அவருடைய ஒலிம்பிக் பதக்கங்கள் ஐந்தாயின. ரியோவில் அவருடைய இணையர் சொன்ன அந்தக் குழந்தைக்கு அப்போது ஆறு வயது. பார்வையாளர் வரிசையில் அமர்ந்து தந்தை பாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.